குறுக்கே நிற்பது ரத்தக்குழாய், வெட்டுவது சிறுநீர்க்குழாயா?

தென்மாவட்ட நகரம் ஒன்றில் தனியார் பள்ளி ஆசிரியையாக இருக்கும் 31 வயது வாசகியின் கடிதம் இது. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். சாரத்தை மட்டும் தருகிறேன்.

கல்லூரிக் காலத்திலிருந்தே, அதாவது 22 வயதிலிருந்தே, இவருக்கு இடப்பக்க விலாவுக்குக் கீழே வலி வரும். மாதக்கணக்கில் ஒன்றும் இருக்காது. திடீரென்று ஒரு நாள் பிடித்துக்கொள்ளும். உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. குமட்டலும் வாந்தியும் சேர்ந்துகொள்ளும். நான்கைந்து மணி நேரம் படுத்தி எடுத்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் போய்விடும். வாயுத் தொல்லை என்றார்கள். பிறகு அல்சர் என்றார்கள். இரண்டு முறை எண்டோஸ்கோப்பி பார்த்தாயிற்று. வீட்டில் பேன்டோபிரசோல் மாத்திரை இல்லாத நாளே கிடையாது. வலி நின்ற பிறகு சாவகாசமாக எடுத்த வயிற்று ஸ்கேன் ஒவ்வொன்றிலும் 'நார்மல்' என்றே எழுதியிருந்தார்கள். "மனசுதான் காரணம், வேலைப் பளு" என்று ஒரு மருத்துவர் சொல்ல, புகுந்த வீட்டார் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

ஒன்றை அவரே கவனித்து எழுதியிருக்கிறார். வலி பள்ளி நாள்களில் வருவதில்லை; ஞாயிற்றுக்கிழமையிலோ விசேஷ வீட்டிலோதான் வருகிறது. பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து மாலை வரை தண்ணீரே குடிப்பதில்லையாம். விடுமுறை நாளில் அதற்கெல்லாம் சேர்த்துவைத்து மோரும் தண்ணீருமாகக் குடிப்பாராம்.

சென்ற மாதம் ஒரு வளைகாப்பு விருந்துக்குப் போய் வந்த இரவில் வலி வந்தது. அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர், ஊசி போட்டு அனுப்பிவிடாமல், வலி இருக்கும்போதே ஸ்கேன் எடுத்தார். இடது சிறுநீரகம் நன்றாக வீங்கியிருந்தது. அடுத்து எடுத்த சி.டி. ஸ்கேனில், சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதிக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று, சிறுநீர்க்குழாய் தொடங்கும் இடத்துக்கு முன்னால் குறுக்கே செல்வது தெரிந்தது. ஒவ்வொரு சிறுநீரகமும் எவ்வளவு வேலை செய்கிறது, சிறுநீர் எவ்வளவு வேகமாக வடிகிறது என்று காட்டும் ரீனோகிராம் பரிசோதனையில், மொத்த வேலையில் இடது சிறுநீரகத்தின் பங்கு 38 சதவீதம், வலதின் பங்கு 62 சதவீதம். இடப்பக்கம் பாதி வடிவதற்கே 26 நிமிடம் ஆகிறது. சிறுநீரகங்கள் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 0.8; இது சாதாரண அளவு.

ஒரு மருத்துவர் லேப்ராஸ்கோப்பி மூலம் பைலோபிளாஸ்டி என்ற அறுவை சிகிச்சை செய்யச் சொல்கிறார். சி.டி. எடுப்பதற்கு முன்பு பார்த்த இன்னொருவர், சிறுநீர் போகும் வழியாகவே லேசரைச் செலுத்தி உள்ளே கீறிவிடலாம், மறுநாள் வீட்டுக்குப் போய்விடலாம் என்றிருக்கிறார். ரத்தக்குழாயை இடம் மாற்றி வைத்தாலே போதுமாம் என்று தம்பி இணையத்தில் படித்துச் சொல்கிறார். மாமியார் நெருஞ்சில் கஷாயம் வைத்துக் கொடுக்கிறார். பிறவியிலேயே இருப்பதை இப்போது ஏன் தொட வேண்டும், இரண்டாவது குழந்தை பிறக்கட்டும் என்பது கணவரின் கருத்து. வாசகி கேட்பது இது: "குறுக்கே நிற்பது ரத்தக்குழாய். கூடுதலாக இருப்பதும் அதுதான். அதை வெட்டி எறியாமல், ஒரு பாவமும் அறியாத என் சிறுநீர்க்குழாயை வெட்டித் தைக்கப் போவதாகச் சொல்கிறாரே, ஏன்?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்வி நியாயமானது. வழிமறித்து நிற்பவனை விட்டுவிட்டு வழியில் போனவனைப் பிடிப்பது போலத்தான் முதலில் தோன்றும். அதற்குப் பதில் சொல்வதற்கு முன், உங்கள் வலி உண்மையான வலி என்பதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மனதுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. உங்கள் வீட்டில் இதைப் படிக்க வேண்டியவர்கள் படிக்கட்டும்.

சிறுநீரகம் பிரித்தெடுக்கும் சிறுநீர், அதன் உட்பக்கத்தில் இருக்கும் ஒரு சிறிய பையில் சேர்கிறது. அங்கிருந்து சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள சிறுநீர்க்குழாய் வழியாக மூத்திரப்பைக்கு இறங்குகிறது. தானாக வழிவதில்லை, பையின் தசையும் குழாயின் தசையும் அலையலையாகச் சுருங்கி அதைக் கீழே தள்ளுகின்றன. பையும் குழாயும் சேரும் அந்த இடத்தில் ஏற்படும் தடையைத்தான் மருத்துவர்கள் பி.யூ.ஜே. அடைப்பு என்கிறார்கள். உங்கள் அறிக்கையில் இருப்பதும் அதுதான்.

இந்தத் தடை இரண்டு விதமாக வரும். ஒன்று, சந்திப்பில் ஒரு சிறு துண்டு பிறவியிலேயே சரியாக உருவாகாமல் போவது. அந்த இடத்தில் தசை இருக்க வேண்டிய அளவு இல்லாமல் நார்த்திசு மிகுந்திருக்கும். அலை அங்கே வந்ததும் நின்றுவிடும். கருவில் இருக்கும்போதே ஸ்கேனில் சிறுநீரக வீக்கம் தெரியும் குழந்தைகளில் பெரும்பாலும் இதுதான் காரணம். இன்னொன்று, வெளியிலிருந்து ரத்தக்குழாய் குறுக்கிடுவது. வளர்ந்த பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் இது மிகவும் அதிகம். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதும் உண்டு. சிகிச்சையைப் பற்றி மருத்துவர்கள் மாற்றி மாற்றிப் பேசுவதற்கு முக்கியமான காரணம் இந்தக் கலப்புதான்.

பிறவியிலேயே இருக்கும் ரத்தக்குழாய் 22 வயதுவரை ஏன் சும்மா இருந்தது என்று உங்கள் கணவர் கேட்பதிலும் அர்த்தம் இருக்கிறது. குறுக்கே ஒரு ரத்தக்குழாய் இருப்பதே நோயாகாது. எந்தத் தொந்தரவும் இல்லாத பலருக்கு அப்படி ஒரு குழாய் இருக்கிறது. வேறு எதற்கோ சி.டி. எடுக்கும்போது தற்செயலாகத் தெரியவரும்; அவர்களுக்கு ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. உங்களுக்கு நடப்பது வேறு. நிறையக் குடித்த நாளில் சிறுநீர் பெருகிப் பை உப்புகிறது. உப்பிய பை, கொடிக்கயிற்றில் போட்ட ஈரத்துணி போல அந்த ரத்தக்குழாயின் மேல் சாய்ந்து தொங்குகிறது. சந்திப்பு மடங்குகிறது. மடங்கினால் வடிவது குறைகிறது, வடியாததால் பை இன்னும் உப்புகிறது, இன்னும் மடங்குகிறது. சிறுநீர் சுரப்பது குறைந்த பிறகு மெல்ல வடிந்து மடிப்பு விடுபட, வலி போய்விடுகிறது. மறுநாள் ஸ்கேன் எடுத்தால் வீக்கம் வற்றியிருக்கும். பை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வதால், சின்ன வயதில் தாங்கிய உடம்பு இப்போது தாங்கவில்லை.

இப்படி வந்து வந்து போகும் வலியை 1864இல் போலந்தின் கிராக்கோவ் நகரத்து மருத்துவர் யூசெஃப் டீட்ல் விவரித்தார். இன்றும் அது அவர் பெயரால் வழங்குகிறது. சிறுநீரகம் இடம்பெயர்ந்து முறுக்கிக்கொள்வதால் வருகிறது என்று அவர் நினைத்தார். காரணம் பிசகிவிட்டது, வர்ணனை பிசகவில்லை. வெளிநாட்டில் இந்த வலி பீர் குடித்த இரவில் வருவதாகப் பாடப்புத்தகங்கள் எழுதும். நம் ஊரில் அதற்கு மோரும் பாயசமும் வெறும் தண்ணீருமே போதும். பள்ளிக்கூட நாளில் வராமல் ஞாயிற்றுக்கிழமை வருகிறது என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி, இரண்டு எண்டோஸ்கோப்பிகளை விடப் பயனுள்ள தகவல். அதை எந்த மருத்துவரும் உங்களிடம் கேட்டு வாங்கவில்லை என்பது எங்கள் தொழிலுக்குப் பெருமை சேர்ப்பதல்ல. அந்த இரவு வலியோடு ஸ்கேன் அறைக்கு உங்களை அனுப்பிய இளைஞருக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

அந்த ரத்தக்குழாயை ஏன் வெட்டக்கூடாது?

"கூடுதல்" என்று அறிக்கையில் இருந்ததைப் பார்த்து, தேவையில்லாமல் முளைத்த ஒன்று என்று நினைத்துவிட்டீர்கள். அது அப்படி முளைத்ததல்ல. கருவில் சிறுநீரகம் இடுப்புக்குள் உருவாகி, மேலே ஏறி, விலா எலும்புக்கு அருகே வந்து சேர்கிறது. ஏறும் வழியெல்லாம் அருகிலிருக்கும் ரத்தக்குழாய்களிடமிருந்து ரத்தம் வாங்கிக்கொள்கிறது. மேலே போகப்போகப் பழையவை மறைந்துவிடும். சிலருக்கு ஒன்றிரண்டு மறையாமல் தங்கிவிடும். வேறு சிலருக்கு, முதன்மை ரத்தக்குழாயின் கிளை ஒன்றே சீக்கிரம் பிரிந்து கீழ்ப்பகுதிக்கு வரும். எப்படி வந்திருந்தாலும் சரி, உங்கள் இடது சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதிக்கு உணவூட்டுவது அதுதான்.

சிறுநீரகத்துக்குள் போகும் தமனிகள் ஒவ்வொன்றுக்கும் தனிப் பாத்தியதை உண்டு. கையிலோ குடலிலோ ஒரு தமனி அடைபட்டால் பக்கத்துத் தமனி ஓரளவு கைகொடுக்கும். சிறுநீரகத்தில் அது நடக்காது. ஒன்றை வெட்டினால், அது ஊட்டிய பகுதி செத்துப்போகும். உங்கள் இடது சிறுநீரகத்தின் பங்கு ஏற்கெனவே 38 சதவீதம்தான்; அதில் ஒரு பங்கைக் கையாலேயே அழிப்பதாகிவிடும். அதோடு, ரத்தம் போதாமல் பாதி உயிரோடு இருக்கும் சிறுநீரகத் திசு ரெனின் என்ற பொருளைச் சுரந்து ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும் அபாயமும் இருக்கிறது. 31 வயதில் வலிக்குப் பதிலாக ரத்தக்கொதிப்பை வாங்கிக்கொள்வானேன்?

ஒரு காலத்தில் அந்தத் தமனியைக் கட்டி வெட்டிய அறுவை சிகிச்சை நிபுணர்கள் இருந்தார்கள். இப்போது யாரும் செய்வதில்லை. தமனியோடு ஓடும் சிரை விஷயம் வேறு. சிறுநீரகத்துக்குள் சிரைகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால், இடைஞ்சலாக இருக்கும் சிறு சிரையை வெட்டினால் பெரும்பாலும் பாதகமில்லை. "ரத்தக்குழாயை வெட்டினோம்" என்று யாராவது சொல்லியிருந்தால் அது இந்தச் சிரையாக இருக்கலாம்.

சிறுநீர்க்குழாய்க்கு இப்படிப்பட்ட கட்டுப்பாடு இல்லை. அதை வெட்டலாம், கெட்ட துண்டை எடுத்துப் போடலாம், வேறு இடத்தில் சேர்த்துத் தைக்கலாம். கவனமாகத் தைத்தால் சில வாரங்களில் ஒட்டி மறுபடி வேலை செய்யும். வெட்டுப்பட்டால் மீள்வது சிறுநீர்க்குழாய், மீளாதது ரத்தக்குழாய். உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான்.

உங்களுக்குச் சொன்ன பைலோபிளாஸ்டிக்கு ஆண்டர்சன்-ஹைன்ஸ் முறை என்று பெயர். இங்கிலாந்தைச் சேர்ந்த அந்த இருவரும் 1949இல் அதை முதலில் வெளியிட்டது உங்களைப் போன்ற நோயாளிக்காக அல்ல. உடலின் மிகப்பெரிய சிரைக்குப் பின்னால் வலது சிறுநீர்க்குழாய் மாட்டிக்கொண்ட ஒருவருக்காக. அந்தச் சிரையைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் சிறுநீர்க்குழாயை வெட்டி, சிரைக்கு முன்னால் கொண்டுவந்து தைத்தார்கள். ரத்தக்குழாயை அதன் போக்கில் விட்டுவிடும் யோசனை இந்த அறுவை சிகிச்சையோடு கூடப் பிறந்தது.

உங்களுக்குச் செய்யப்போவதும் ஏறத்தாழ அதே. வயிற்றில் மூன்று அல்லது நான்கு சிறு துளைகள். பெருங்குடலை ஒதுக்கி, பையையும் சிறுநீர்க்குழாயையும் அந்த ரத்தக்குழாயையும் பதமாகப் பிரிப்பார்கள். சந்திப்பில் வெட்டி, சுருங்கிய துண்டை எடுத்துவிட்டு, சிறுநீர்க்குழாயின் வாயை நீளவாக்கில் சிறிது கீறி அகலமாக்கி, ரத்தக்குழாய்க்கு முன்பக்கமாகக் கொண்டுவந்து பையோடு சேர்த்து, தானே கரையும் மெல்லிய நூலால் தைப்பார்கள். அதன் பிறகு ரத்தக்குழாய் பின்னால் இருக்கும், சிறுநீர் முன்னால் இறங்கும். உள்ளே டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைத்திருப்பார்கள்.

வெற்றி விகிதம் 90 சதவீதத்துக்கு மேல். திறந்து செய்தாலும் லேப்ராஸ்கோப்பியில் செய்தாலும் ரோபோ கொண்டு செய்தாலும் இதில் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் தழும்பிலும், வலியிலும், பில்லிலும்தான். ரோபோ இல்லாத ஊரில் இருக்கிறோமே என்று கவலைப்பட வேண்டாம். தையல் போடும் கை பழகிய கையாக இருந்தால் போதும்.

லேசர் கீறலைப் பற்றி

அந்த இரண்டாவது மருத்துவர் மேல் உங்களுக்குக் கொஞ்சம் கோபம் இருப்பது எழுத்தில் தெரிகிறது. அவசரப்படாதீர்கள். அவர் உங்களைப் பார்த்தது சி.டி. எடுப்பதற்கு முன். ரத்தக்குழாய் குறுக்கே இருப்பது அவருக்குத் தெரியாது.

உள்ளிருந்து கீறும் முறை 1980களில் பரவியது. அதன் அடிப்படை இன்னும் பழையது. சுருங்கிய சிறுநீர்க்குழாயை நீளவாக்கில் முழுத் தடிமனுக்கும் கீறி, உள்ளே ஒரு குழாயை வைத்துவிட்டால், அதைச் சுற்றித் தசை வளர்ந்து வழி அகலமாகிவிடும் என்று அமெரிக்காவின் டேவிட் டேவிஸ் 1943இல் எழுதினார். வெளியே வெட்டுக் கிடையாது, ஆஸ்பத்திரியில் தங்குவதும் குறைவு. சந்திப்பே சுருங்கியிருப்பவர்களுக்கு இது வேலை செய்யும். ஆனால் உங்களுக்கு வெளியிலிருந்து ஒன்று அழுத்துகிறது. உள்ளே எவ்வளவு கீறினாலும் வெளியே இருப்பது அங்கேயேதான் இருக்கும். 1994இல் பெல்ஜிய மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளைப் பிரித்துப் பார்த்து வெளியிட்டார்கள்: குறுக்கே ரத்தக்குழாய் இல்லாதவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் குணமானது; இருந்தவர்களில் பாதிப் பேருக்குக்கூட ஆகவில்லை. சிறுநீரகம் பெரிதாக வீங்கியிருந்தால் இன்னும் மோசம். ரத்தக்குழாய்க்கு இவ்வளவு முக்கியத்துவம் தேவையில்லை என்று மறுத்த மருத்துவர்களும் உண்டு. அந்த வாதம் முழுக்க ஓயவில்லை. ஆனால் நாளடைவில் நிபுணர்களின் கை எந்தப் பக்கம் போயிற்று என்று பார்த்தால், உங்களைப் போன்ற நிலையில் பைலோபிளாஸ்டி பக்கமே போயிருக்கிறது.

ரத்தக்கசிவு ஆபத்தும் இருக்கிறது. உள்ளிருந்து கீறுபவருக்குச் சுவருக்கு அப்பால் இருக்கும் ரத்தக்குழாய் கண்ணில் படாது. பின்பக்கமும் வெளிப்பக்கமுமாகக் கீறினால் பெரும்பாலும் தப்பிக்கலாம் என்பது அனுபவம். பெரும்பாலும் என்ற சொல்லை மட்டும் நம்பி உங்களை அனுப்ப எனக்கு மனமில்லை. ஏற்கெனவே பைலோபிளாஸ்டி செய்து மறுபடி சிறிய அளவில் சுருங்கியவர்களுக்கும், பெரிய மயக்க மருந்தைத் தாங்காத உடம்புக்காரர்களுக்கும் இந்த முறை இன்றும் உதவுகிறது. நீங்கள் இரண்டிலும் சேரவில்லை. சி.டி. படத்தை எடுத்துக்கொண்டு அதே மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள். அவரே யோசனையை மாற்றிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

தம்பி படித்தது பொய்யல்ல

ரத்தக்குழாயை இடம் மாற்றும் அறுவை சிகிச்சை உண்மையிலேயே இருக்கிறது. சுவீடனின் ஹெல்ஸ்ட்ரோம் 1949இல், அதாவது ஆண்டர்சனும் ஹைன்ஸும் எழுதிய அதே ஆண்டில், இதைச் சொன்னார். சந்திப்பை வெட்டாமல், ரத்தக்குழாயை மேலே தூக்கிப் பையின் முன்சுவரில் பொருத்திவிடுவது. பின்னால் வந்தவர்கள் பையின் சுவரையே அதைச் சுற்றி மடித்துத் தொட்டில் போலத் தைத்தார்கள். தையல் குறைவு, சிறுநீர் கசியாது, பல நேரம் ஸ்டென்ட்கூடத் தேவைப்படாது. கேட்க நன்றாக இருக்கிறது.

சிக்கல் நான் முதலில் சொன்ன கலப்பில் இருக்கிறது. வெளியே ரத்தக்குழாய் அழுத்துகிறது, உள்ளே சந்திப்பும் கொஞ்சம் கெட்டிருக்கிறது என்றால், ரத்தக்குழாயை மட்டும் நகர்த்தியவருக்கு வலி திரும்ப வரும். உள்ளே கெட்டிருக்கிறதா என்பதை சி.டி. உறுதியாகச் சொல்லாது. அறுவை அரங்கில் ரத்தக்குழாயை விடுவித்துவிட்டு, திரவம் ஏற்றி, சிறுநீர் பெருக்கும் மருந்தைக் கொடுத்து, பை தானாக வடிகிறதா, அலை சந்திப்பைக் கடந்து இறங்குகிறதா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்வார்கள். இதில் நல்ல பலன் கண்டவர்கள் பெரும்பாலும் குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சை நிபுணர்கள். அவர்களும் தேர்ந்தெடுத்த சில பிள்ளைகளுக்கே செய்கிறார்கள். ஒன்பது ஆண்டுகளாக மடங்கி மடங்கிப் போன உங்கள் சந்திப்பு உள்ளே பழுதில்லாமல் இருக்கும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். இதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேட்கலாம், தவறில்லை. ஆனால் இதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

காத்திருந்தால் என்ன? குழந்தை?

எல்லா பி.யூ.ஜே. அடைப்புக்கும் கத்தி தேவையில்லை. வலியே இல்லாமல், இரண்டு பக்கமும் ஏறத்தாழ சமமாக வேலை செய்துகொண்டு, வடிகாலும் சுமாராக இருந்தால், ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதித்துக்கொண்டு சும்மா இருக்கலாம். உங்கள் கணக்கு அப்படி இல்லை. பாதி வடிவதற்கு 20 நிமிடத்துக்கு மேல் ஆனால் அடைப்பு என்று எடுத்துக்கொள்கிறோம், உங்களுக்கு 26. ஒரு பக்கத்தின் பங்கு 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் யோசிக்கத் தொடங்குகிறோம், உங்களுக்கு 38. இவற்றோடு ஆளைப் புரட்டிப் போடும் வலியும் இருக்கிறது. மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

கிரியாட்டினின் 0.8 என்பதால் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று உங்கள் கணவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த எண் இரண்டு சிறுநீரகங்களின் கூட்டு வேலையைக் காட்டுவது. இடது முழுவதும் படுத்துவிட்டாலும் வலது தாங்கிப் பிடித்து, அந்த எண்ணைப் பெரும்பாலும் சாதாரண அளவிலேயே வைத்திருக்கும். மறுபக்கம், 38 என்பதைப் பார்த்து எடுத்துவிடுவார்களோ என்று நீங்கள் பயந்திருப்பதும் தேவையில்லை. சிறுநீரகத்தை எடுக்கும் பேச்சு 10, 15 சதவீதத்துக்குக் கீழே போன பிறகு வருவது. உங்களுடையது காப்பாற்ற வேண்டிய சிறுநீரகம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: இழந்தது பெரும்பாலும் திரும்பாது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் 38 என்பது 38ஆகவே இருக்கலாம். அது தோல்வி அல்ல. மேலும் இறங்காமல் நிற்பதும், வலி போவதும்தான் இதில் எதிர்பார்க்க வேண்டியவை.

இரண்டாவது குழந்தையைப் பொறுத்தவரை, உங்கள் கணவர் சொல்லும் வரிசையைத் தலைகீழாக மாற்றச் சொல்வேன். கர்ப்பத்தில் ஹார்மோனாலும் கருப்பையின் அழுத்தத்தாலும் சிறுநீர்க்குழாய்கள் எல்லோருக்குமே கொஞ்சம் தளர்ந்து விரியும். உங்களுக்கு ஏற்கெனவே தேங்கும் இடத்தில் அது இன்னும் தேங்கும், கிருமித்தொற்றும் எளிதில் வரும். அந்த நேரத்தில் சி.டி.யோ ரீனோகிராமோ எடுக்கத் தயங்குவார்கள். வலி நிவாரணிகளிலும் பல விலக்கு. ஸ்டென்ட் வைத்துச் சமாளிக்கலாம் என்றால், கர்ப்பத்தில் அதன் மேல் உப்புப் படிவது வேகமாக நடக்கும்; பிரசவம் முடிவதற்குள் பல முறை மாற்ற வேண்டிவரும். முதலில் அறுவை சிகிச்சை, பிறகு ஸ்டென்டை எடுப்பது, மூன்று மாதம் கழித்து ஒரு ரீனோகிராம், அது நன்றாக இருந்தால் குழந்தைக்கான யோசனை. ஏறத்தாழ அரை ஆண்டு தாமதம், அவ்வளவுதான். 31 வயதில் அது பெரிய இழப்பு இல்லை.

அதுவரை

கஷாயத்தை நிறுத்துங்கள். நெருஞ்சிலும் பார்லியும் வாழைத்தண்டுச் சாறும் சிறுநீரைப் பெருக்குவதாக நம்பித்தான் நம் வீடுகளில் கொடுக்கிறார்கள். உங்களுக்குக் கல் இல்லை, கரைய எதுவும் இல்லை. பெருகும் சிறுநீர்தான் பிரச்சினையே. மாமியார் அன்பாகச் செய்கிறார், அதனால் மருத்துவர் எழுதிவிட்டார் என்று என் தலையில் போட்டுவிடுங்கள். அதே சமயம், பள்ளியில் தண்ணீரே குடிக்காமல் இருப்பதும் கூடாது. தேங்கிய சிறுநீர் கெட்டியானால் கல்லும் கிருமியும் சேரும். மணிக்கு ஒரு டம்ளர் என்று பிரித்துக் குடியுங்கள். கழிப்பறை பற்றிப் பள்ளி நிர்வாகத்திடம் பேச மற்ற ஆசிரியைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இது உங்கள் ஒருவருடைய சங்கடமாக இருக்காது. வலி வரும்போதெல்லாம் டைக்லோஃபெனாக் ஊசி போட்டுக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். எப்போதாவது ஒன்று பரவாயில்லை, பழக்கமாக்க வேண்டாம். இந்த வகை மருந்துகள் சிறுநீரகத்துக்கே கெடுதல். வலியோடு குளிர்க்காய்ச்சலும் வந்தால் மாத்திரை போட்டுப் படுக்காதீர்கள். தேங்கிய இடத்தில் கிருமி புகுந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே அவசரமாக வடித்துவிட வேண்டும்.

செலவைப் பற்றித் தயங்கி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு உதவி மேசையில் இந்த அறுவை சிகிச்சைக்கு அங்கே அனுமதி கிடைக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். சிறுநீரக அறுவை சிகிச்சைத் துறை உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக யோசிக்க வேண்டாம். இந்த அறுவை சிகிச்சை அங்கே அன்றாட வேலை.

அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்க்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். சி.டி.யில் அந்த ரத்தக்குழாயை நீங்களே பார்த்தீர்களா, எனக்குக் காட்ட முடியுமா என்பது ஒன்று. ஸ்டென்டை எந்தத் தேதியில், யார் எடுப்பார்கள் என்பது இன்னொன்று. வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரத்தில் எடுப்பார்கள். அது உள்ளே இருக்கும்வரை அடிக்கடி சிறுநீர் வரும், இடுப்பில் சுருக்கென்று குத்தும், சில நாள் சிறுநீர் இளஞ்சிவப்பாகவும் போகும்; பயப்பட வேண்டாம். வலி போய்விட்டதே என்று அதை மறந்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் கழித்துக் கல்லாகிப்போன ஸ்டென்டோடு வருகிறவர்களை எங்கள் துறையில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதை எடுப்பது முதல் அறுவை சிகிச்சையை விடக் கடினமாகிவிடும். தேதியைச் சமையலறை நாள்காட்டியில் எழுதி வையுங்கள். பிறகு எடுக்கும் ஸ்கேனில் "லேசான வீக்கம்" என்று வந்தாலும் பதற வேண்டாம். பல ஆண்டுகள் விரிந்திருந்த பை முழுவதும் பழைய அளவுக்குச் சுருங்காது. வடிகிறதா என்பதை ரீனோகிராம்தான் சொல்லும்.

உங்கள் ஐந்து வயது மகளுக்கும் இது வருமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். சில குடும்பங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த அடைப்பு வந்ததுண்டு. ஆனால் பெரும்பாலும் தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவதில்லை. மனநிம்மதிக்கு ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்துக்கொள்ளலாம். ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது. அது நார்மல் என்று வந்த பிறகும், பிள்ளை எப்போதாவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்து, மறுநாள் எதுவும் நடக்காதது போல விளையாடப் போனால், அடுத்த முறை வலி இருக்கும்போதே ஸ்கேனுக்கு அழைத்துப் போங்கள்.